எழுத்துக்கு ஏற்ற கருவி

ஓலைச்சுவடிக் காலத்தில் எழுத்தாணியின் கூர்முனை ஓலையைக் கிழித்துவிடும் என்று அஞ்சி, மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமலே எழுதிச் சென்றனர் நம் முன்னோர். எகரக் குறிலும் ஏகார நெடிலும் சுவடிகளில் ஒரே வடிவில் நின்றன. அவற்றைப் படித்துப் பொருள்கொள்ளக் கற்றோர்க்கும் இடம் நோக்கும் பயிற்சி வேண்டியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறில் நெடில் வேறுபாட்டை வடிவிலேயே காட்ட வழிசெய்தார். பின்னர் அச்சும் தட்டச்சும் பரவின. 1978ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவை இன்றைய வடிவம் பெற்றன. அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சு செய்பவருக்கும் எளிமை தேடியதும் அம்மாற்றத்தின் காரணங்களுள் ஒன்று. ஆக, நம் எழுத்தின் வரலாறு ஒரு பகுதி புலவரின் வரலாறு. மறு பகுதி கருவியின் வரலாறு. கருவி எவ்வளவு இடம் தந்ததோ அவ்வளவே எழுத்து நிமிர்ந்தது.

இன்று எழுத்தின் இருப்பிடம் கணினித்திரையும் கைப்பேசித்திரையும் ஆகும். இங்கும் பழைய கேள்வியே புதிய உடையில் வந்து நிற்கின்றது. எழுத்து கருவிக்கு வளைய வேண்டுமா? கருவி எழுத்துக்கு வளைய வேண்டுமா? மென்பொருள் எழுதும் நிரலரிடையே நெடுங்காலமாக நடந்துவரும் விவாதம் ஒன்றினை இக்கேள்வியோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பல இயங்குதளங்களில் ஓடும் முகப்புக் கருவித்தொகுதிகளுள் எது சிறந்தது என்பதே அவ்விவாதம். இது கணினித்துறையாரின் வீட்டு வழக்கு. தமிழ்த்துறைக்கு இதில் என்ன பங்கு என்று ஒதுங்குதல் தகாது. அவ்வழக்கின் தீர்ப்பினால் நலமோ கேடோ அடையப்போவோர் தமிழில் படிப்போரும் எழுதுவோருமே ஆவர்.

கருவித்தொகுதி என்பது யாது?

மென்பொருள் ஒன்றைத் திறந்ததும் நாம் காணும் சாளரம், பொத்தான், பட்டியல், எழுதும் பெட்டி ஆகியவற்றை ஒவ்வொரு நிரலரும் புதிதாக வரைவதில்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் கதவையும் சன்னலையும் வாங்கி வீட்டில் பொருத்துவது போல, டூல்கிட் எனப்படும் கருவித்தொகுதியிலிருந்து எடுத்துப் பொருத்துகின்றனர். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு என இயங்குதளங்கள் பலவாதலின், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே முகப்பு எழுதினால் ஒரே பணியை நான்கு முறை செய்ய நேரும். ஒரு முறை எழுதிப் பல தளங்களிலும் ஓடச்செய்யும் தொகுதியே பன்மேடைக் கருவித்தொகுதி எனப்படுகின்றது.

செல்வம் மிக்க நிறுவனம் நான்கு குழுக்களை அமர்த்திக்கொள்ள இயலும். தமிழுக்குச் சொற்பிழை திருத்தியும் அகராதியும் மின்னூல் செயலியும் ஆக்குவோர் பெரும்பாலும் ஒருவர் இருவரே. பகலில் வேறு பணி பார்த்து இரவில் ஊதியமின்றி உழைக்கும் தொண்டர்களும் அவர்களுள் உண்டு. 2011ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசும் பாஸ் லினக்சும் ஒருசேர இடம்பெற்றிருந்ததை நாம் அறிவோம். ஒரே மாணவரின் கையிலேயே இரண்டு தளங்கள்! ஒரு தளத்துக்கு மட்டும் எழுதிய தமிழ் மென்பொருள் மறு தளத்தில் அவருக்கு அந்நியமாகிவிடும். எனவே பன்மேடை என்பது பிறர்க்கு வசதியாக இருக்கலாம்; தமிழுக்கு அது தேவை.

மூன்று நெறிகள்

இத்தொகுதிகளை அவை பின்பற்றும் நெறி பற்றி மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, கடன் வாங்கும் நெறி. அந்தந்த இயங்குதளம் வைத்துள்ள பொத்தானையும் பெட்டியையுமே வாங்கிப் பயன்படுத்துவது இது. 1992ஆம் ஆண்டில் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கிய டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் இந்நெறியினது. ஜாவாவின் முதல் முகப்புத் தொகுதியாகிய ஏடபிள்யூடியும் இவ்வழியே சென்றது.

இரண்டாவது, தானே வரையும் நெறி. தளம் ஒரு வெற்றுப் பலகையைத் தந்தால் போதும். மற்றவற்றைத் தொகுதியே தீட்டிக்கொள்ளும். நார்வே நாட்டில் ஹாவர்ட் நோர்ட், ஐரிக் சாம்பெ-எங் ஆகிய இருவர் உருவாக்கி 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட கியூட், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர் தம் கிம்ப் என்னும் படம் தீட்டும் மென்பொருளுக்காகச் செய்த ஜிடிகே, 1998ஆம் ஆண்டின் ஜாவா 1.2 பதிப்போடு வந்த ஸ்விங், 2018 டிசம்பரில் கூகுள் முதல் நிலைப் பதிப்பாக வெளியிட்ட ஃப்ளட்டர் ஆகியன இவ்வகையின.

மூன்றாவது, உலாவியைச் சுமக்கும் நெறி. 2013ஆம் ஆண்டில் கிட்ஹப் நிறுவனத்தார் தொடங்கிய எலக்ட்ரான் இதற்குச் சான்று. ஒவ்வொரு மென்பொருளும் குரோமியம் என்னும் உலாவி முழுவதையும் தன்னோடு எடுத்துச் செல்லும். சிறு குறிப்பேடு ஒன்று எழுதினாலும் நூறு மெகாபைட்டுக்கு மேல் கனக்கும்.

கடன் வாங்குவோர், தம் முகப்பு அந்தந்தத் தளத்தின் மரபோடு இசைந்திருக்கும் என்பர். தானே வரைவோர், எல்லாத் தளத்திலும் ஒரே தோற்றம், ஒரே நடத்தை என்பர். உலாவி சுமப்போர், வலைத்தளம் செய்யத் தெரிந்தவர் எவரும் மென்பொருள் செய்யலாம் என்பர். மூவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் அவர்கள் எடுத்துக்காட்டும் அழகு, விரைவு, பருமன், எளிமை என்னும் அளவுகோல்கள் அனைத்தும் எழுத்து செம்மையாகத் தோன்றுகின்றது என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டவை. ஆங்கிலத்துக்கு அவ்வாறு ஏற்றுக்கொள்ளலாம். தமிழுக்கு அதுவே முதலில் ஆராய வேண்டியதாகும்.

கொம்பு எங்கே நிற்கும்?

1991ஆம் ஆண்டின் முதல் யூனிகோடு பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. நம் எழுத்துகள் 247க்கும் அதில் தனி இடம் இல்லை. உயிரும் அகரமேறிய மெய்யும் தனித்தனியே நிற்க, கால், கொம்பு, விசிறி, புள்ளி முதலியவை துணைக்குறிகளாக வைக்கப்பட்டன. 'கெ' என்று எழுதினால் கணினியின் நினைவகத்தில் முதலில் ககரமும் அதன்பின் கொம்பும் பதியும். திரையிலோ கொம்பு முன்னே வரவேண்டும். 'கொ' என்பதற்கு ஒரே குறி இரண்டாகப் பிளந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இவ்வரிசை மாற்றத்தைச் செய்து எழுத்தை உருவாக்கித் தருவது எழுத்தமைப்புப் பொறி என்னும் உள்ளுறுப்பு. அது இல்லாத தொகுதியில் கொம்பு ககரத்துக்குப் பின்னே தொங்கும், சொல் சிதையும்.

பைத்தான் மொழியோடு சேர்ந்தே வருவதால் தொடக்க நிலை மாணவர் பலர் முதலிற் கைவைப்பது டிகே என்னும் தொகுதியில் ஆகும். சிறியது, கற்க எளியது. ஆயினும் லினக்ஸ் தளத்தில் அதன் 8.6 பதிப்பு இவ்வரிசை மாற்றத்தைச் செய்வதில்லை. ஆங்கிலப் பொத்தான் வைத்துப் பார்த்த மாணவர் நன்றெனப் பாராட்டுவார்; 'கொடு' என்று தமிழில் எழுதிப் பார்த்தவரே குறையை அறிவார்.

கடந்த இருபது ஆண்டுகளில் இத்துறையில் விளைந்த பெருநன்மை ஒன்றினை இங்குக் குறிப்பிடல் வேண்டும். ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் முன்னின்று வளர்த்த ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்தமைப்புப் பொறி, திறந்த மூல மென்பொருளாக அனைவர்க்கும் கிடைக்கின்றது. எழுத்தைக் குறிக்கும் 'ஹர்ஃப்' என்னும் அரபுச் சொல் பாரசீகம் வழியே அதன் பெயரில் அமர்ந்திருப்பது நம் கல்லூரி மாணவர்க்கு மகிழ்ச்சி தரும். ஜிடிகே பாங்கோ என்னும் நூலகத்தின் வாயிலாக அதனைப் பயன்கொள்கின்றது. கியூட், ஃப்ளட்டர், குரோமியம் ஆகியனவும், 2017ஆம் ஆண்டில் வந்த 9ஆம் பதிப்பு முதல் ஜாவாவும் அதனையே பயன்படுத்துகின்றன. அதே ஆண்டில் வெளிவந்த லிப்ரே ஆபீசின் 5.3 பதிப்பு, தளத்துக்கொரு பொறி என்னும் பழைய வழக்கத்தை விட்டு எல்லாத் தளத்துக்கும் ஹார்ஃப்பசை மேற்கொண்டது. விண்டோசில் ஒருவாறும் லினக்சில் வேறுவாறும் வரி உடைந்துவந்த துன்பம் அதனால் பெரிதும் குறைந்தது. கடன் வாங்குவதா, தானே வரைவதா என்னும் பழம்பகையின் கூர்மையும் தமிழைப் பொறுத்தவரை இப்பொதுப் பொறியால் மழுங்கிவிட்டது எனலாம்.

பெயர் குறுகலாமா?

எழுத்து நன்கு தோன்றினால் மட்டும் போதாது. நன்கு எண்ணப்படவும் வேண்டும். 'தமிழ்' என்னும் சொல்லுக்கு எழுத்து எத்தனை என்று முதல் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் மூன்று என்னும். கணினியோ தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து எண்ணும்.

இது வெறும் இலக்கண நுணுக்கம் அன்று. 'முஹம்மது அப்துல் காதிர்' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் எழுத்து 12, இடைவெளி 2, ஆக 14. யூனிகோடு குறிகளை எண்ணினால் 23. பெயருக்கு 20 இடம் என வரம்பிட்ட விண்ணப்பப் பெட்டியில் இப்பெயரை உள்ளிட்டால், நிரலர் குறிகளை எண்ணியிருப்பாராயின் இறுதியில் நிற்பது 'முஹம்மது அப்துல் காத' என்பதே. பெயர் குறுகினால் சான்றிதழ் குறுகும்; சான்றிதழ் குறுகினால் ஒரு மாணவர் அலுவலகப் படிகளில் ஏறி இறங்க நேரும். ஃப்ளட்டரின் எழுதும் பெட்டி மக்கள் காணும் எழுத்தையே எண்ணி வரம்பிடுகின்றது. கியூட்டில் எழுத்தின் எல்லை காணத் தனி உறுப்பு உண்டு. ஆயினும் நிரலர் அதனை நினைந்து பயன்படுத்தல் வேண்டும். நல்ல கருவி இருந்தும் பயன்படுத்தாமை கருவியின் குற்றம் ஆகாது.

பொத்தானின் அகலமும் இவ்வாறே. ஆங்கிலச் சொல்லின் அளவுக்கு இத்தனை புள்ளி அகலம் என்று அறுதியிட்டு வரைந்த பொத்தானில் 'விருப்பத்தேர்வுகள்' என்னும் தமிழ்ச்சொல் பாதியில் வெட்டுண்ணும். சொல்லின் நீளத்துக்கேற்பப் பெட்டியை விரிக்கும் அமைப்பு கியூட், ஜிடிகே, ஸ்விங் ஆகியவற்றில் உண்டு. சொற்றொடரின் வரிசையும் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் ஐந்து முன்னும் இருபது பின்னும் வரும் இடத்தில், தமிழில் '20 பக்கங்களுள் 5 அச்சாயின' என எண்கள் இடம் மாறும். துண்டுதுண்டாக ஒட்டிய தொடரை எத்தகைய மொழிபெயர்ப்பாளராலும் சீராக்க முடியாது. கியூட் எண்களுக்கு வரிசைக் குறியிட்டு இடம்மாற்ற வழிதருகின்றது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் லினக்ஸ் முகப்புகளைத் தமிழ்ப்படுத்திய தொண்டர்கள் இத்தகைய வசதிகளைக் கொண்டே பணியாற்றினர்.

அரபும் தமிழும் ஒரே வரியில்

இஸ்லாமியத் தமிழ் நூல்களை மின்னூலாக்குவோர்க்கு மேலும் ஒரு தேவை உண்டு. திருக்குர்ஆன் விளக்கவுரையிலும் நபிமொழித் தொகுப்பிலும் அரபு மூலமும் தமிழ் உரையும் அடுத்தடுத்து வரும். சிலபோது ஒரே வரியிலும் வரும். அரபு வலமிருந்து இடம் செல்லும். அதன் எழுத்துகள் பல, சொல்லின் முதல், இடை, கடை, தனி என நின்ற இடத்துக்கேற்ப நான்கு வடிவம் கொள்ளும். நம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழ் எழுதிய அர்வி என்னும் அரபுத்தமிழில், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கெனக் கூடுதல் குறிகளிட்ட எழுத்துகளும் உள்ளன. இவற்றையெல்லாம் கலங்காமல் தாங்கும் தொகுதியே நம் நூல்களைப் பதிப்பிக்க உதவும். கியூட், ஜிடிகே ஆகிய இரண்டும் இருதிசை எழுத்தைத் தாங்குகின்றன. வலமிருந்து இடம் செல்லும் மொழிக்குச் சாளரத்தின் அமைப்பையே திருப்பிக் காட்டவும் வல்லன. லினக்சில் டிகே 8.6இன் குறை இங்கும் வெளிப்படுகின்றது.

பார்வையற்றோரும் பயனாளரே

திரையில் உள்ளதைக் குரலாக்கிச் சொல்லும் மென்பொருளின் துணையால் பார்வையற்ற மாணவர் கணினி பயில்கின்றனர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006ஆம் ஆண்டில் தொடங்கிய என்விடிஏ விண்டோசுக்குரிய அத்தகைய மென்பொருள், விலையின்றிக் கிடைப்பது, அதனுடன் வரும் குரற்பொறி தமிழையும் பேசும். பொத்தான் இங்கே இருக்கின்றது, அதன் பெயர் இது என்று கருவித்தொகுதி எடுத்துரைத்தால்தான் அது குரலாகும். கடன் வாங்கும் நெறிக்கு இங்கு இயல்பான வலிமை உண்டு; தளம் ஏற்கெனவே செய்துவைத்த ஏற்பாடு அப்படியே கிட்டும். என்விடிஏவின் சொந்த முகப்பே டபிள்யூஎக்ஸ் தொகுதியால் ஆனது என்பது எண்ணத்தக்கது. தானே வரையும் தொகுதிகள் இவ்வேற்பாட்டைத் தாமே கட்டிக்கொள்ள வேண்டும். கியூட், ஜிடிகே, ஃப்ளட்டர் ஆகியன கட்டியுள்ளன. எனினும் நிரலர் புதுமை கருதித் தாமே தீட்டும் பொத்தானுக்குப் பெயரிட மறந்தால், பார்ப்போர்க்கு அழகு, பாராதோர்க்கு வெறுஞ்சுவர்.

பொதுவுடைமையும் தனியுடைமையும்

கருவி நல்லதாயினும் நாளை அது யார் கையில் இருக்கும் என்பதும் ஆராயத்தக்கது. கியூட் தொடக்கத்தில் முழுச் சுதந்திர உரிமத்தில் வரவில்லை. 1996ஆம் ஆண்டில் அதனை அடித்தளமாகக் கொண்டு கேடிஇ திட்டம் எழுந்தபோது அதுவே பெரும்பூசலாயிற்று; 1997ஆம் ஆண்டில் ஜிடிகேயை அடித்தளமாகக் கொண்டு க்நோம் திட்டம் பிறந்ததற்கு அப்பூசலே முதற்காரணம். 1998ஆம் ஆண்டில், கியூட்டின் உரிமையாளர் சுதந்திரப் பதிப்பை நிறுத்திவிட்டால் அதனைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிடும் உரிமை தரும் அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டது. பின்னர் 2008ஆம் ஆண்டில் நோக்கியாவுக்கும், அதன்பின் டிஜியாவுக்கும் உடைமை கைமாறியபோதும் அவ்வுறுதி நிலைத்தது. வக்ஃபு செய்த நிலத்தை விற்கவும் இயலாது. வாரிசுகள் பங்கிடவும் இயலாது. பயன் மக்களுக்கே உரியது என்பதை அறிந்த நம் சமுதாயப் பெரியோர்க்கு இவ்வேற்பாட்டின் அருமை எளிதில் விளங்கும். முற்றும் ஒப்பு என்று நாம் சொல்லவில்லை. இங்கு உரிமையாளர் வணிகமும் செய்கின்றார். 2020ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புப் பதிப்புகளைப் பணம் செலுத்துவோர்க்கு மட்டும் என ஒதுக்கவும் செய்தார். எனினும் அடிப்படை வாயில் அடைபடாமல் காக்கப்படுகின்றது.

ஜிடிகேயில் உடைமைப் பூசல் இல்லை. வேறு இடர் உண்டு. 2011ஆம் ஆண்டில் அதன் 3ஆம் பதிப்பு வந்தது. எந்த கிம்புக்காக அது பிறந்ததோ அந்த கிம்பே அப்பதிப்புக்கு மாறி வெளிவந்தது 2025 மார்ச்சில்தான். அதற்குள் ஜிடிகே 4ஆம் பதிப்புக்குச் சென்றுவிட்டது. ஆள்பலம் உள்ள திட்டத்துக்கே பதினான்கு ஆண்டு எனின், ஒருவர் இருவர் நடத்தும் தமிழ்த் திட்டம் என்ன செய்யும்?

நம் கருத்து

மேசைக்கணினித் தமிழ் மென்பொருளுக்குக் கியூட்டை முதலிடத்தில் வைப்போம். எழுத்தமைப்பு, இருதிசை, எழுத்தெல்லை, மொழிபெயர்ப்பு, நிலைபேறு என்னும் ஐந்திலும் அது ஒருங்கே தேறுகின்றது. சி++ கடினம் என்பார்க்கு, 2018ஆம் ஆண்டு முதல் அதிகாரபூர்வமாக வரும் பைத்தான் இணைப்பு உண்டு. லினக்சுக்கே முதன்மையாக எழுதுவோர் ஜிடிகேயைத் தயங்காது கொள்ளலாம். படிவமும் பட்டியலுமாக அமையும் எளிய மென்பொருளுக்கும், பார்வையற்றோரை முன்னிறுத்தும் பணிக்கும் டபிள்யூஎக்ஸ் தக்கது. கைப்பேசிக்கு ஃப்ளட்டர் ஏற்றது. எலக்ட்ரான் தமிழைச் செம்மையாகவே காட்டும்; குறைந்த நினைவகம் கொண்ட பழைய கணினியை வைத்திருக்கும் மாணவரை அது வெளியே நிறுத்திவிடும் என்பதே நம் மறுப்பு. டிகேயில் நிரலாக்கம் கற்கலாம். லினக்சிலும் ஓட வேண்டிய தமிழ் நூலை அதில் கட்டுதல் கூடாது.

இவ்வரிசையை ஏற்காதார் இருக்கலாம். விரைவே பெரிதென்பார் வேறு வரிசை தருவர். அவர்களை நாம் வேண்டுவது ஒன்றே. எத்தொகுதியையும் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துத் தேர்ந்தெடுத்தல் வேண்டா.

இதில் தமிழ்த்துறைக்கும் கடமை உண்டு. கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் சொற்கள், 'ஸ்ரீ', 'க்ஷ' முதலிய கூட்டெழுத்துகள், ஆய்தம் தொடங்கும் 'ஃபாத்திமா' போன்ற பெயர்கள், அரபு கலந்த ஒரு வரி, நீண்ட கூட்டுச்சொற்கள் ஆகியவை அடங்கிய ஒருபக்கச் சோதனைத்தாளை நம் துறை மாணவர்கள் ஒரு வாரத்தில் தொகுத்துவிடலாம். கணினித்துறை மாணவர்தம் இறுதியாண்டுத் திட்டப்பணியின் முகப்பில் அத்தாளை உள்ளிட்டு, விண்டோசிலும் லினக்சிலும் காட்டச் சொல்லித் தேர்வாளர் மதிப்பிடலாம். பிழை கண்டால் அதனைத் தொகுதியின் ஆக்குநர்க்கு எழுதித் தெரிவிக்கலாம்; திறந்த மூலத் தொகுதிகளில் அவ்வாயில் எவர்க்கும் திறந்தே உள்ளது.

ஓலைக்கு அஞ்சிப் புள்ளியை விட்டவர்களை நாம் குறைகூறுவதற்கில்லை; அவர்கட்கு வேறு கருவி வாய்க்கவில்லை. நமக்கோ தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கின்றது. கொம்பு தன் இடத்தில் நிற்கவும், காதிரின் பெயர் முழுமையாக அச்சேறவும் கருவியை வளைக்கும் பொறுப்பு, தமிழ் கற்றவரும் கணினி கற்றவரும் சேர்ந்து சுமக்க வேண்டியதாகும். அதற்கு வல்ல இறைவன் துணைநிற்பானாக!